கேன்சருக்குப் பிறகு ட்ராவல் இன்ஷூரன்ஸ்: நான் பட்ட பாடு

டிக்கெட் போட்டாயிற்று. விசாவுக்குத் தேதி வாங்கியாயிற்று. ஐரோப்பாவில் இருக்கும் தம்பி வீட்டில் பத்து நாள் என்று லீவும் சொல்லியாயிற்று. இன்ஷூரன்ஸை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். பத்து நிமிட வேலைதானே என்ற நினைப்பு. அது ஐந்து வாரம் இழுத்தது.

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. நோய் திரும்ப வராமல் இருக்க தினமும் இரவு டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை ஒன்று போடுகிறேன், அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' எத்தனை பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் பாலிசியை என் கணவரே எடுத்துவிட்டார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தத் தொகை இருந்தது, தேதிகள் சரியாக இருந்தன, விசாவும் வந்துவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஒரு நாள் தூக்கம் வராமல் அந்த பாலிசியை மொபைலில் திறந்து படித்தேன். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும், அவற்றோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடைய எதற்கும் பணம் கிடையாது என்று இருந்தது.

அந்த 'மறைமுகமாக' என்ற சொல்தான் உறுத்தியது. டாமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்தே இருப்பதும் அதற்குத் தோதான காரியம். நடுவில் எழுந்து நடங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். போன இடத்தில் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், கம்பெனிக்காரர் என் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுவார். பெட்டி தொலைந்தால் பணம் வரும், எனக்கு ஏதாவது ஆனால் வராது. விசாவுக்குச் செல்லும் பாலிசி வேறு, நமக்கு உதவும் பாலிசி வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் ஒரு ஏஜென்டைப் பிடித்தேன். விவரத்தைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கு மேடம் சொல்லிக்கிட்டு? இல்லைன்னு போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

யாருக்குத் தெரியப் போகிறதா? எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் முதல் கேள்வி, இதற்கு முன்னால் என்ன நோய், என்ன மாத்திரை என்பதுதான். நான் மறைத்தாலும் நெஞ்சில் இருக்கும் தழும்பு சொல்லிவிடும். பெரிய க்ளெய்ம் என்றால் கம்பெனி பழைய ரெக்கார்டுகளைக் கேட்காமல் விடாது. மறைத்தது தெரிந்தால் கேன்சருக்குச் சம்பந்தமே இல்லாத க்ளெய்மைக்கூடத் தட்டிக்கழிக்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். ஏஜென்டுக்கு என்ன, கமிஷன் போய்ச் சேர்ந்துவிடும். நான் போனை வைத்துவிட்டேன். இப்படி யாராவது சொன்னால் நீங்களும் வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்துத் தருவோம் என்று சொன்ன ஒரு நிறுவனம் கிடைத்தது. ஆன்லைன் கேள்வித்தாள். எந்த உறுப்பில், எப்போது கண்டுபிடித்தார்கள், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியதா, வேறு உறுப்புக்குப் பரவியதா என்று வரிசையாகப் போனது. 'தற்போது சிகிச்சையில் உள்ளீர்களா?' என்பதற்கு 'இல்லை' என்று தட்டினேன். அடுத்த பக்கத்தில் மருந்துகளின் பட்டியல் கேட்டார்கள். டாமாக்சிஃபென் என்று எழுதினேன். உடனே திரை நின்றுவிட்டது, எங்களை அழைக்கவும் என்று ஒரு நம்பர்.

அழைத்தேன். அரை மணி நேரம் அதே பாட்டைக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். "ட்ரீட்மென்ட் முடிஞ்சிடுச்சுன்னு சொல்றீங்க. மாத்திரை சாப்பிடறேன்னும் சொல்றீங்க. நான் எதை எழுதட்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் டாக்டரைக் கேட்டால் சிகிச்சை முடிந்தது, இது திரும்ப வராமல் இருக்க என்பார். ஐந்து வருடமோ பத்து வருடமோ சாப்பிட வேண்டிய மாத்திரை அது. இன்ஷூரன்ஸ்காரர் கணக்கில் அந்த நோய்க்காக டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தாலும் அது சிகிச்சைதான். சில நிறுவனங்கள் ஹார்மோன் மாத்திரையைத் தனிக் கேள்வியாகக் கேட்கின்றன, அங்கே சிக்கல் இல்லை. அப்படிக் கேட்காத இடத்தில் நீங்களாக முடிவு செய்து 'இல்லை' போடாதீர்கள். போன் செய்து கேளுங்கள், யார் என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள், முடிந்தால் மெயிலில் வாங்கிவிடுங்கள்.

அந்தப் பெண் கடைசியில் டாக்டர் கடிதம் கேட்டார். இதற்குத்தான் நான் மூன்று முறை அலைந்தேன்.

முதல் முறை டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை. வெளியே இருந்தவர் அச்சடித்த தாளில் என் பெயரை நிரப்பி, 'பயணம் செய்யத் தகுதியானவர்' என்று ஒரே வரியில் முத்திரை குத்திக் கொடுத்தார். ஏதோ சாதித்த மாதிரி அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். இரண்டே நாளில் போதாது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை டாக்டர் இருந்தார், ஆபரேஷன் விவரம் இல்லை. ரெக்கார்ட் பிரிவில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அது வேற ஃபைல். எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, நாலு நாள் ஆகும்" என்றார். என் உடம்பில் நடந்த ஆபரேஷனுக்கு நான் மனு எழுத வேண்டியிருக்கிறதே என்று அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கீமோ விவரம் எல்லாவற்றையும் சிகிச்சை முடியும்போதே ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை புத்தி வந்தது. கடிதத்தை நானே தட்டச்சு செய்து எடுத்துப் போனேன். நோயின் பெயர், நிலை, பரவல் உண்டா இல்லையா, கடைசி கீமோவும் ரேடியேஷனும் முடிந்த தேதி, இப்போதைய மருந்தும் அளவும், கடைசியாகப் பரிசோதித்த தேதி, நோய் கட்டுக்குள் இருப்பது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை விமானப் பயணத்துக்குத் தடையில்லை என்பது. டாக்டர் இரண்டு இடத்தில் திருத்தினார், அவருடைய தாளில் எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதற்குள் வருடாந்திர மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே எடுக்கும் நாள் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி கண்ணில் பட்டது: 'முடிவு வராத பரிசோதனை ஏதேனும் உள்ளதா?' ஆமாம் என்றேன். முடிவு வரும்வரை பாலிசி தர முடியாது என்றார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் ஆறு நாள். ஸ்கேன் எடுத்துக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட ஆறு நாள் என்று. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. செக்கப்புக்கு முன்பே பாலிசியை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடவும் முடியாது. எடுத்த பிறகு உடம்பில் ஏதாவது மாறினால் கிளம்புவதற்கு முன் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்றுதான் பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. அதற்காகச் செக்கப்பைத் தள்ளிப்போடுவது அதைவிட முட்டாள்தனம்.

பிரீமியம் என் கணவருடையதைவிட மூன்று மடங்குக்கு மேல். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். பாலிசி மெயிலில் வந்தது. அறிவிக்கப்பட்ட நோய் என்ற இடத்தில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'இல்லை.'

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு 'இல்லை'யாம். மறுபடி போன், மறுபடி அதே பாட்டு. திருத்திய பாலிசியில் நோயின் பெயர் தெளிவாக இருந்தது. என் நோயின் பெயரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். பணம் கட்டியதும் அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள். கூட வருபவரின் பாலிசியையும் பாருங்கள். எனக்கு முடியாமல் போய்ப் பயணம் ரத்தானால், என் நோயைக் காரணம் காட்டி அவருக்கும் பணம் தராமல் போகலாம். நாங்கள் அதையும் கேட்டு எழுத்தில் வாங்கினோம்.

கீமோவின்போது பக்கத்து நாற்காலியில் பழக்கமான அக்காவுக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது. கேட்ட இடமெல்லாம் மறுத்துவிட்டார்கள். கடைசியில் கேன்சரை விலக்கிய பாலிசியையே தெரிந்தே எடுத்துக்கொண்டு, அவசரமென்றால் அன்றைக்கே வீடு திரும்பக்கூடிய தூரத்துக்குப் போய்வந்தார். அதுவும் ஒரு வழிதான்.

பயணம் நன்றாகவே போனது. விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்தேன், பக்கத்து சீட்காரருக்குத்தான் எரிச்சல். மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருந்ததால் பிழைத்தேன், பெட்டி ஒன்றரை நாள் தாமதமாக வந்தது. அதற்கு க்ளெய்ம் போட்டிருக்கிறேன். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், இந்தச் சம்பவத்துக்கு முன் உங்களுக்கு ஏதேனும் நோய் இருந்ததா என்று கேட்டிருந்தார்கள். பெட்டி தாமதத்துக்கு! நான் டாக்டர் கடிதத்தின் பிரதியையும் சேர்த்தே அனுப்பிவிட்டேன்.