பழைய வாஷிங் மெஷினைத் தூக்கிப் போடப் போவதில்லை

பாம்பன் பாலத்தை ஒட்டிய கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது லாரி மாதிரி உறுமுகிறது. துணி சுழலும் டிரம்மைத் தாங்கும் பேரிங் போய்விட்டது. புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறார் அண்ணி. நான் பழுது பார்க்கத்தான் போகிறேன்.

உப்புக்காற்று இங்கே எந்த இரும்பையும் விடுவதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் மெஷினின் தகரத்துக்கு அந்தக் காப்பு ஏது? புதியதும் இதே கொல்லைப்புறத்தில், இதே காற்றில்தான் நிற்கும்.

மெக்கானிக் பிரித்தபோது நான் முதலில் பார்த்தது டிரம்முக்குப் பின்னால் இருக்கும் மூன்று கால் அலுமினியத் தாங்கியை. அது அரித்தோ விரிசல் விட்டோ போயிருந்தால் மறுபேச்சில்லாமல் புதிது வாங்கியிருப்பேன். உறுதியாக இருக்கிறது! மோட்டாரும் நன்றாக ஓடுகிறது. ரப்பர் சீல் தேய்ந்து தண்ணீர் கசிந்ததால்தான் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டேன். செலவு புது மெஷின் விலையில் பாதியை நெருங்கினால் யோசிக்கலாம். இது பக்கத்தில்கூட வரவில்லை.

ஹீட்டரில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது, எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படி. சிட்ரிக் அமிலம் போட்டு, துணியில்லாமல் வெந்நீரில் ஒருமுறை ஓடவிட வேண்டும். பேரிங் ராமநாதபுரத்திலிருந்து வர வேண்டும், அதுவரை கைத்துவையல்தான்.