அந்த ஒரு பல்லை மட்டும் தொடாமல்

ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ஓய்வு பெற்று வருடங்கள் ஆன பிறகும் அதே பெயர். ஒவ்வொரு ஏப்ரலிலும், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவதற்கு முன்னால், பல் சுத்தம் செய்துகொள்ள என் கிளினிக்குக்கு வந்துவிடுவார். கீழே இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தில் அவருக்கு இம்ப்ளான்ட், அதாவது வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ, வைத்திருந்தோம். வைத்தவர் வெளியூரிலிருந்து வரும் கன்சல்டன்ட். மூன்று மாதம் கழித்து அதன் மேல் கேப் ஒட்டியது நான்.

ஆறாவது வருடம் வந்தபோது, "வலியெல்லாம் இல்ல டாக்டர். காலைல எந்திரிச்சா அந்தப் பக்கம் ஒரு மாதிரி கசக்குது" என்றார்.

கேப் ஆடவில்லை. ஈறு மட்டும் கொஞ்சம் கருஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது. வெளிப்பக்கம் விரலை வைத்து லேசாக அழுத்தினேன். ஈறுக்கும் கேப்புக்கும் நடுவிலிருந்து ஒரு துளி சீழ் வெளியே வந்தது. ஈறின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கம்பியான புரோபை உள்ளே விட்டால் 8 மில்லிமீட்டர் இறங்குகிறது. எக்ஸ்ரேயில் இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு கிண்ணம் போலக் குழிந்து, நாலைந்து மரைகள் எலும்புக்கு வெளியே தெரிந்தன.

பழைய படத்தோடு ஒப்பிடலாம் என்று தேடினேன். கேப் ஒட்டிய அன்று நான் எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. புரோப் அளவு ஒரு வருடம்கூடக் குறித்து வைக்கவில்லை. ஐந்து முறை அவருக்கு க்ளீனிங் செய்திருக்கிறேன். காரை எடுக்கும் ஸ்கேலரின் முனை உரசி டைட்டானியத்தில் கீறல் விழுந்துவிடுமோ என்று, ஐந்து முறையும் அந்த ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டு அடுத்த பல்லுக்குப் போயிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஊர் பல் மருத்துவர்கள் கூடும் கூட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு தம்பி எழுந்து, "சார், இம்ப்ளான்ட்டைச் சுத்தி புரோப் விட்டா ஈறு ஒட்டியிருக்கிற சீல் உடைஞ்சிடாதா?" என்று கேட்டார். பலருக்கும் அதே பயம் இருந்தது. எனக்கும் இருந்ததுதான். நாங்கள் பி.டி.எஸ். படித்தபோது இம்ப்ளான்ட் பற்றி நடந்தவை சில வகுப்புகள்தான். வேலைக்கு வந்த பிறகு சேர்ந்த பயிற்சிகளிலும் வைப்பதைப் பற்றியே பேச்சு. வைத்த பிறகு பத்து வருடம் அதை யார் பார்ப்பது என்ற கேள்வி வரவே இல்லை. மெல்லிய கையோடு, கால் நியூட்டன் அளவு அழுத்தத்தில் புரோப் விட்டால் ஒன்றும் ஆகாது. விலகும் ஈறு ஐந்தாறு நாளில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

அளக்காமல் விடுவதில்தான் ஆபத்து. சொந்தப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் நேராக ஊன்றி நிற்கும். இம்ப்ளான்ட்டில் அவை பக்கவாட்டில் ஒட்டிப் படிந்திருக்கும், அவ்வளவுதான். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் தசைநாரும் இங்கே இல்லை. அது வழியாக வரும் ரத்த ஓட்டமும் இல்லை. அதனால் ஈறில் தொடங்கும் அழற்சி எலும்பைச் சீக்கிரம் தொட்டுவிடுகிறது. அதைவிட, நம் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. பல் ஆடினால் ஈறு நோய் என்று பார்த்துப் பழகிய கண் இது. இம்ப்ளான்ட் கடைசிவரை ஆடாது. அது ஆடும்போது பிடித்துக்கொள்ள எலும்பு மிச்சமிருக்காது.

அழற்சி ஈறோடு நிற்கும் கட்டத்தை மியூகோசைடிஸ் என்கிறோம். அப்போதே பிடித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். எலும்பு கரையத் தொடங்கினால் பெரி-இம்ப்ளான்டைடிஸ். 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சராசரியாக முதலாவது 43 சதவீதம் பேருக்கும் இரண்டாவது 22 சதவீதம் பேருக்கும் இருப்பதாகக் கணக்கிட்டது. 2017-இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள், பழைய பதிவு இல்லாதவருக்கும் ஒரு வரையறை கொடுத்தார்கள்: ரத்தமோ சீழோ வந்து, ஆழம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, எலும்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் பெரி-இம்ப்ளான்டைடிஸ்தான். டீச்சருக்கு அதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

ஈறு சிறப்பு மருத்துவர் ஈறைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே, பாதி மிளகு அளவில், வெள்ளையாகக் கெட்டியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கேப் ஒட்டிய அன்று வழிந்த சிமென்ட். அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. டீச்சரிடம் சொன்னேன்: "ஒட்டுனப்ப மிச்சமான சிமென்ட் உள்ள தங்கிருச்சு டீச்சர். ஒட்டுனது நான்தான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, இனிமே நான் என்ன பண்ணணும்?"

இடைவெளி பிரஷ்ஷை எடுத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, கேப்பின் அடியில் எப்படி விடுவது என்று காட்டினேன். இதை ஆறு வருடம் முன்பு காட்டியிருக்க வேண்டும். அன்று நான் சொன்னது, "இது செயற்கை, சொத்தை வராது" என்பது மட்டும். அது உண்மைதான். ஆனால் கேட்பவர் அதை 'இனி ஒன்றும் வராது' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்.

இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஆழம் 4 மில்லிமீட்டர். சில முறை ரத்தம் தெரிகிறது, சில முறை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். குணமாகிவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

முடிந்தவரை ஸ்க்ரூ வைத்த கேப்தான் இப்போது போடுகிறேன். சிமென்ட் தவிர்க்க முடியாவிட்டால் விளிம்பை ஈறுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வைக்கிறேன். கேப் போட்ட அன்றே ஒரு எக்ஸ்ரே. அடுத்த வருகையில் சுற்றி ஆறு இடத்தில் அளவு எடுத்து, நோயாளியின் கார்டில் சிவப்பு மையில் எழுதுகிறேன். சர்க்கரை இருக்கிறதா, புகைப்பாரா, பழைய பல் போனது ஈறு நோயாலா என்பதும் அதே கார்டில் இருக்கும்.

பழைய கோப்புகளை எடுத்து, இம்ப்ளான்ட் வைத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். சிலர் ஊர் மாறிவிட்டார்கள். சிலர், "வலியே இல்லையே, எதுக்கு டாக்டர்?" என்கிறார்கள். அவர்களிடம் நானே போனை வாங்கிப் பேசுகிறேன். இன்னும் பதினோரு பேர் வரவேண்டும்.