மாங்கூழ் ஆலையில் கற்ற நிதியியல்
நிதித்துறை வேலைக்குத் தயாராகும் எங்கள் கிருஷ்ணகிரி மாணவர்கள் பலர் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், என்பதை எனக்குப் புரியவைத்தவை ஊரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள்தான். கோடையில் குறுகிய காலத்துக்குள் பெங்களூரா மாம்பழத்தைக் கொள்முதல் செய்து, கூழாக்கி, டின்களில் அடைத்து, விற்ற பணம் வந்து சேரும்வரை மாதக்கணக்கில் வங்கிக்கு வட்டி கட்டும் ஆலை, கணக்கில் லாபம் காட்டினாலும் கையில் ரொக்கமின்றித் தவிக்கக்கூடும்.

அடுத்ததாக, ஆண்டறிக்கை வாசிக்கப் பழக வேண்டும். ஓசூர் சிப்காட்டில் பதிவு அலுவலகம் கொண்ட, கடிகாரமும் தனிஷ்க் நகையும் விற்கும் டைட்டனின் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் இருப்புநிலைக் குறிப்பில் (சொத்தையும் கடனையும் காட்டும் பட்டியலில்), பொறுப்புகளின் கீழ், கடனாகப் பெற்ற தங்கம் தனி வரியாகவே நிற்கிறது. நாம் நகையை அடகு வைத்துப் பணம் வாங்குகிறோம். நகை நிறுவனங்களோ வங்கியிடம் தங்கத்தையே கடன் வாங்கி, விலையைப் பிறகு முடிவுசெய்து அடைக்கின்றன. கையிருப்பில் உள்ள தங்கத்தின் விலை சரிந்தால், கடனின் மதிப்பும் கூடவே சரிவதால் அடி குறைகிறது. இடர் மேலாண்மைக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

சான்றிதழ்களும் தேவைதான். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக விரும்புவோர் செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வில் தேற வேண்டும். அச்சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கே செல்லும்.