அசையாமல் பிடிப்பது: மூன்று குண்டூசி, மாவுக்கட்டு, ஆல்ஜினேட் மணி

கெட்டி அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி, தெர்மாகோல் பலகைமேல் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலும், ஓரத்தை ஒட்டி வெளிப்புறமாக ஒரு குண்டூசி குத்துங்கள். மூன்றே ஊசிதான். முக்கோணம் நகராது, திரும்பாது. இப்போது ஒரே ஒரு ஊசியைப் பிடுங்கி, அதே பக்கத்தில் 1 செ.மீ. தள்ளிக் குத்துங்கள். அட்டை ஒரு பக்கமாகத் திரும்பி வந்துவிடும்.

ஊசி நிற்கும் இடத்திலிருந்து பக்கத்துக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால், மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். அதுதான் விதி. நடுப்புள்ளிகளில் நட்டால் அவை சுற்றுவட்டத்தின் மையத்தில் சந்திக்கும். உள்வட்டம் தொடும் இடங்களில் நட்டாலும் சரிதான். சதுரத்துக்கு மூன்று ஊசி போதாது. இணையான இரண்டு பக்கங்களுக்கு நடுவே வழுக்கிப் போய்விடும், நான்காவது வேண்டும். வட்டத்தைச் சுற்றி நூறு ஊசி நட்டாலும் அது இருந்த இடத்திலேயே சுழலும். இறுக்கிப் பிடிப்பதால் எதுவும் நிற்பதில்லை. எந்த இடத்தில் தொடுகிறோம் என்பதுதான் கணக்கு.

மாவுக்கட்டிலும் இதுதான் கணக்கு. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டுக்கு மேலே ரேடியஸ் எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) உடைந்தால், பெரும்பாலும் நுனித் துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கத்து எலும்புறை கிழியாமல் கீல் மாதிரி இருக்கும். எலும்பை நேராக்கிய பிறகு மூன்று இடங்களில் அழுத்தம் வேண்டும்: புறங்கைப் பக்கம் நுனித் துண்டின் மேல் ஒன்று, உள்ளங்கைப் பக்கம் முறிவுக்குச் சற்று மேலே ஒன்று, மறுபடி புறங்கைப் பக்கம் முன்கையின் மேல்பகுதியில் ஒன்று. இந்த மூன்று புள்ளிப் பிடியை பிரிட்டிஷ் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி வலியுறுத்தினார். குழாய் மாதிரி உருண்டையாகப் போட்ட கட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே எலும்பு பழையபடி சாயும்.

போடும் முறையிலும் கவனம் வேண்டும். கைக்கு ஸ்லாப் (முழுதும் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் வைக்கும் மாவுப்பட்டை) என்றால் 8 முதல் 10 மடிப்பு, காலுக்கு 12 முதல் 15. பஞ்சுச் சுற்று முதலில். எலும்பு துருத்தும் இடங்களில் ஒரு சுற்று கூடுதல். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும். மாவு இறுகும்போது தானே சூடு விடும். வெந்நீரும் தடிமனான கட்டும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும். முந்தைய கட்டு நனைத்த வாளித் தண்ணீரையே பயன்படுத்தினால், அதில் மிதக்கும் ஜிப்சத் துகள்கள் (ஏற்கெனவே இறுகிய மாவு) விதையாகி மாவு சீக்கிரம் இறுகிவிடும். வடிவம் கொடுக்க நேரம் கிடைக்காது. குமிழி நிற்கும்வரை முக்கி, இரண்டு முனையையும் நடுவை நோக்கி மெல்லப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிந்தால் மாவு வாளிக்குப் போய்விடும். அழுத்தம் கொடுப்பது உள்ளங்கையால் மட்டும். விரல் நுனி பதிந்த குழி அப்படியே இறுகி, உள்ளே தோலைக் குத்திப் புண்ணாக்கும். இறுகும் சில நிமிடங்களில் கை ஆடினால் ஊசி ஊசியாகப் பின்னிக்கொண்டிருக்கும் படிகங்கள் உடைந்து, கட்டு கடைசிவரை பலவீனமாகவே இருக்கும்.

நிறுத்தக் கூடாததை நிறுத்திவிடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். உள்ளங்கை ரேகையோடு கட்டு முடிய வேண்டும். விரல்கள் முழுதாக மடங்க வேண்டும். முதல் 48 மணி நேரம் வீக்கம் ஏறும், அதனால்தான் முழுக்கட்டு போடாமல் ஸ்லாப் போடுகிறார்கள். மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை யாராவது நிமிர்த்தினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல்: இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். நாடி துடிக்கிறது என்பது ஆறுதல் அல்ல. அது துடித்துக்கொண்டிருக்கும்போதே தசை செத்துக்கொண்டிருக்கலாம். கட்டை முழு நீளத்துக்கும், பஞ்சு உட்பட, தோல் தெரியும்வரை பிரிக்க வேண்டும். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டிய கட்டிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தால் நேர்மாறான சிக்கல்: கட்டு தொளதொளக்கும், மூன்று புள்ளிகளும் தொடாமல் போகும். அந்த வாரத்து எக்ஸ்-ரேயைத் தவறவிடக் கூடாது என்பது இதனால்தான்.

மாவுக்கட்டில் இறுகுவது கால்சியம் சல்பேட். ஈஸ்ட் செல்களை ஆல்ஜினேட்டில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) சிறு மணிகளாகச் சிறைப்பிடிக்கும்போதும் கால்சியம்தான் வேலை செய்கிறது. 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 1.5 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைக் கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் அப்போதே கட்டி கட்டியாக்கிவிடும். காற்றுக் குமிழி அடங்க ஓர் இரவு விடுங்கள். 2 கிராம் உலர் ஈஸ்ட்டை 10 மி.லி. நீரில் கரைத்துச் சேருங்கள். 100 மி.லி. நீரில் 1.5 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைத்து, அதில் ஈஸ்ட் கலந்த ஆல்ஜினேட்டைச் சுமார் 10 செ.மீ. உயரத்திலிருந்து சிரிஞ்சால் சொட்டு சொட்டாக விடுங்கள். விழுந்ததும் ஒவ்வொரு சொட்டுக்கும் தோல் பிடிக்கும். அரை மணி நேரம் ஊறட்டும், பிறகு அலசுங்கள். மணிக்கு வால் வந்தால் ஆல்ஜினேட் கரைசல் கெட்டியாக இருக்கிறது, அல்லது மிகக் கிட்டத்திலிருந்து விடுகிறீர்கள்.

மணி 2, 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெரிதானால் நடுவிலிருக்கும் செல்லுக்கு உணவு போய்ச் சேராது. சர்க்கரைக் கரைசலில் போட்டதும் உள்ளே வாயு சேர்ந்து மணிகள் மிதக்கும், சில வெடிக்கும். இந்த ஆல்ஜினேட் வலையில் செல் தப்பாது. ஆனால் என்சைம் மூலக்கூறு சிறியது, கசிந்துவிடும். என்சைமை வேறு விதமாகப் பிணைக்க வேண்டும்: 1969-இல் ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனம் அமினோஅசைலேஸ் என்ற என்சைமை டிஇஏஇ-செஃபடெக்ஸ் (மின்னேற்றம் கொண்ட சிறு மணிகள்) மேல் ஒட்ட வைத்து, தொழிற்சாலை அளவில் அமினோ அமிலம் எடுத்தது.

பலரும் தடுக்கி விழும் இடம் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்). பாஸ்பேட் பஃபரில் மணிகளைப் போட்டால் அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மணிகள் ஊதிக் கரைந்துவிடும். செல்லை எண்ணுவதற்காக வெளியே எடுக்க வேண்டுமென்றால் வேண்டுமென்றே அதைச் செய்யலாம்: சோடியம் சிட்ரேட் கரைசலில் போட்டுக் குலுக்கினால் ஈஸ்ட் சேதமில்லாமல் வெளியே வரும்.