வண்டி வாங்கலாமா: நாட்குறிப்பு

செப்டம்பர் 24, 2025, புதன்

அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 248. மயக்க மருந்து டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு இடுப்பு ஆபரேஷன் இன்றைக்கும் வேண்டாம் என்றுவிட்டார். தம்பி போன் பண்ணினான். முதல் கேள்வி அப்பாவைப் பற்றி, அடுத்த கேள்வி, காயைச் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக வண்டி வாங்குவதைப் பற்றி. திங்கட்கிழமையிலிருந்து லோடு வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, பத்து லட்சம் போட்டிருந்த பிக்கப் இப்போது ஒன்பதே கால் லட்சத்துக்குள் வருகிறது, இதைவிட நல்ல நேரம் வராது அக்கா என்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு இதற்கு என்ன பதில் சொல்வது. பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

231.

செப்டம்பர் 27, சனி

தம்பிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, எனக்கு இருக்கிறது. அதனால் லோன் என் பேரில்தான் எடுக்க வேண்டும். வண்டியும் என் பேரில்தான் வரும். அப்பா தூங்கும் நேரத்தில் பில் கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எட்டு லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 17,000. இந்த எடை வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வருடத்துக்கு 16,000 ரூபாய்க்கு மேல். முதல் எட்டு வருடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி என்கிற தகுதிச் சான்று, அதற்கப்புறம் வருடாவருடம். டயர், ஆயில், பேட்டரி தனி. ஆக மாதம் 21,000 எடுத்து வைத்தால்தான் மூச்சு விடலாம். டீசல் இதில் சேரவில்லை.

இத்தனைக்கும் நிலம் மூன்றரை ஏக்கர். அதில் பாதி நெல்.

குட்டி யானை, அதுதான் டாடா ஏஸ், போதாதா என்று கேட்டேன். முக்கால் டன் தாங்கும், விலையும் குறைவு, நம் தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவர் பல வருடமாக அதைத்தான் ஓட்டுகிறார். ஊரிலிருந்து கோயம்பேடு எண்பது கிலோமீட்டருக்கு மேல், லோடோடு ஜிஎஸ்டி ரோடு என்கிற திருச்சி ஹைவேயில் அதை விரட்ட முடியாது என்கிறான். லாரிக்கு நடுவில் அது ஊர்ந்து போவதை நானும் பார்த்திருக்கிறேன். அவன் சொல்வது சரிதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தாம்பரம் முழுக்க வண்டிகளுக்கு வாழைக்கன்று, சந்தனம், பூசணிக்காய். நான் பார்த்தது ஒன்றுதான். நின்றிருந்த ஒவ்வொரு லோடு வண்டியிலும் பின்கதவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று. எல்லாமே என் இடுப்புக்கு மேல். அப்பா மாதிரி 68 வயது மனுஷன் மூட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கால் வைத்து இறங்க, ஒரு வண்டியிலாவது படி இருக்கிறதா என்றால் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. பந்து மாற்றியாகிவிட்டது. இரண்டரை மணி நேரம். வெளியே வந்ததும் உதடு காய்ந்திருக்கிறது, பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தேன். கண் திறந்து, “வெண்ட பறிச்சாச்சா?” என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பி. நேற்று மாலையே பறித்து, சாக்கில் கட்டி, தார்ப்பாய் போட்டு, ரோட்டோரம் அடுக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறான். வருகிறேன் என்ற வண்டிக்காரர் வரவில்லை. வேறு ஊரில் தக்காளி லோடு கிடைத்ததாம், அங்கே போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை. மற்ற மூன்று வண்டியும் நிறைந்துவிட்டது. காலையில் உள்ளூர் கடைக்காரர் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். பாதியைத்தான். மிச்சம் மாட்டுக்கு.

வெண்டைக்காயில் இதுதான் பிரச்சினை. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். பறித்ததும் அன்று ராத்திரியே போக வேண்டும், கட்டி வைத்தால் சாக்குக்குள் சூடேறி முனை கறுத்துவிடும். நெல் அப்படியில்லை. பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டரைக் கேட்டால் இன்றில்லாவிட்டால் நாளை டிரெய்லரோடு தருகிறார், நாலு கிலோமீட்டரில் கொள்முதல் நிலையம், நாற்பது நாற்பது கிலோவாகப் போட்டுவிட்டு வந்துவிடலாம். சொர்ணவாரிப் போகத்து நெல்லை அப்படித்தான் போட்டோம், சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 கணக்கில். நெல்லுக்கு மட்டும் என்றால் வண்டிப் பேச்சே வேண்டியதில்லை.

போனில் அவன் குரல் உடைந்துவிட்டது. அதிகம் பேசாமல் வைத்துவிட்டான்.

அக்டோபர் 9, வியாழன்

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போய் வந்தார். பிசியோ பெண் கெட்டிக்காரி, திட்டியே நடக்க வைத்துவிடுகிறாள். உட்கார வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன், தம்பி வண்டி கேட்கிறானே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “வண்டி வாங்கினா வண்டிக்கு வேல தேடணும்மா, மாட்டுக்குப் புல்லு தேடுறாப்புல” என்றார். வேண்டாம் என்கிறீர்களா என்றேன். “நான் எங்க வேணான்னேன்?”

அக்டோபர் 12, ஞாயிறு

நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பைபாஸ் வழியாகக் கோயம்பேடு போனேன். ராத்திரி ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தம்பி வாடகை வண்டியில் ஏறி வந்தவன் எங்களுக்கு முன்னாலேயே நிற்கிறான், தலையில் துண்டு, கண்ணெல்லாம் சிவப்பு. சிறு வயதில் கொத்தவால் சாவடிக்கு அப்பா மூட்டை கொண்டுவந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். 1996ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியபோது அவருக்கு வழி தெரியாமல் அலைந்ததாகச் சொல்வார். இந்த நேரத்தில் உள்ளே வந்தது இன்றுதான்.

மண்டிக்காரர் சாக்கின் வாயைப் பிரித்து, மேலே இருப்பதை விட்டுவிட்டு, முழங்கை வரை கையை நுழைத்து அடியிலிருந்து நாலு காயை எடுத்தார். ஒவ்வொன்றின் முனையையும் கட்டைவிரலால் ஒடித்தார். மூன்று பட்டென்று ஒடிந்தது. நாலாவது வளைந்தது. அவ்வளவுதான், கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டார். தம்பி ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது சொன்னான், வண்டி பத்து மணிக்கு வர வேண்டியது பன்னிரண்டுக்குத்தான் வந்தது, ஒரு மணிக்கு முன்னாலேயே கையில் காய் இருந்திருந்தால் அவரே முதல் விலை போட்டிருப்பார், சில்லறைக் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு வருகிற சரக்குக்கு மதிப்பில்லை என்று.

அந்த நாலு ரூபாயை நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பெரிய வண்டிகளில் பலகை சாய்த்து இறக்குகிறார்கள். பிக்கப்பில் வருகிறவர்கள் குதிக்கிறார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அப்பா எங்கள் வீட்டில்தான், முடிச்சூரில். எண்ணெய் மட்டும் தொட்டு வைத்தோம். தரையில் உட்காரக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, சம்மணம் கூடாது என்று அச்சடித்த தாள் ஒன்று தந்திருக்கிறார்கள், அதை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறேன். நாற்று பறித்தது, களை எடுத்தது, வரப்பில் டீ குடித்தது எல்லாமே குத்த வைத்துத்தான். இனி வயலில் அவர் என்ன செய்வார் என்று யாரும் பேசவில்லை. தம்பி முறுக்கு கொண்டுவந்தான், இரண்டு மணி நேரம் இருந்தான், வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 22, புதன்

நேற்றிலிருந்து விடாத மழை. ஏரிக்கரையிலிருந்து நிலத்துக்கு இறங்கும் வண்டிப்பாதையை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறான். களிமண், முழங்கால் வரை சேறு. இந்தப் பாதையில் பிக்கப் வருமா என்பதுதான் என் அடுத்த கவலை. பின்சக்கரம் இழுக்கிற வண்டி, லோடு இல்லாமல் வந்தால் பின்னால் எடை இருக்காது, சேற்றில் டயர் சுற்றிக்கொண்டே நிற்கும். லோடோடு வந்தால் அச்சு வரை இறங்கும். எப்படியும் மழைக்காலத்தில் ரோட்டில் நிறுத்திவிட்டு மூட்டையைத் தலையில் சுமந்துதான் ஏற்ற வேண்டும். அதாவது நிலத்துக்குள் வேலை செய்வது டிராக்டர், ஊரை விட்டு வெளியே போவது பிக்கப். இரண்டு வேலையையும் ஒரே வண்டி செய்யாது.

ஆபீஸில் ஒருவர் நாலு சக்கரமும் இழுக்கிற இசுசு வி-கிராஸ் வாங்கச் சொல்கிறார், பக்கத்தில் ஸ்ரீசிட்டியில்தான் தயாராகிறது, சொந்த வண்டியாக வெள்ளை போர்டிலேயே பதியலாம், பர்மிட் தொல்லை இல்லை என்று. இருபது லட்சத்துக்கு மேல். வெண்டைக்காய் ஏற்ற.

அக்டோபர் 28, செவ்வாய்

மோந்தா புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது, மழை மட்டும் நமக்கு. அப்பா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. கால் வலியா என்றால் இல்லை, ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்கச் சொல்கிறார். மூன்று முறை கேட்டுச் சொன்னேன். வெண்டை பூ எல்லாம் கொட்டிவிட்டது. இனி இந்தப் போகம் அவ்வளவுதான். 2015ல் இந்தத் தெருவில் படகு வந்தது, அதனால் மழைச் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போய் வடிகாலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தம்பி இந்த மழையில் நடு ராத்திரி ரோட்டில் வண்டியோடு இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

முழு நாளும் இதே வேலை. தம்பி நோட்டோடு வந்திருந்தான். எல்லாவற்றையும் எடுத்து எழுதினோம்.

இப்போது வாடகை வண்டியில் ஒரு சிப்பத்துக்கு, அதாவது நாற்பது கிலோ மூட்டைக்கு, 80 ரூபாய். எங்கள் காய் உச்சத்தில் எட்டு சிப்பம் போகும், சாதாரணமாக ஐந்து. அப்படியென்றால் ஒரு நடைக்கு நாங்கள் கொடுப்பது 640 ரூபாய்க்குள்தான். சொந்த வண்டியில் போய்வர 170 கிலோமீட்டர், லிட்டருக்குப் பதின்மூன்று பதினான்கு என்று வைத்தாலும் டீசல் மட்டும் 1,150 ரூபாய். பரனூர் சுங்கம், மார்க்கெட்டில் கொடுப்பது, டீ, சாப்பாடு சேர்த்தால் 1,500. ஆக சொந்தக் காயை மட்டும் சொந்த வண்டியில் ஏற்றினால் தவணையே இல்லாவிட்டாலும் நஷ்டம். இதில் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

ஊர்க்காரர்கள் காயையும் சேர்த்து ஒன்றரை டன் ஏற்றினால் முப்பத்தேழு சிப்பம், மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. செலவு போக ஒன்றரை ஆயிரம் மிஞ்சும். ஒருநாள் விட்டு ஒருநாள் முழு லோடு கிடைத்தால் மாதம் 22,000. நான் ஆஸ்பத்திரியில் போட்ட 21,000 கணக்கு சரியாக அடைபடும். அவன் கூலி இதில் கிடையாது. மழை மாதங்களில் லோடும் கிடையாது. மார்ச்சிலிருந்து மே வரை தர்பூசணி இருக்கிறது என்கிறான், அது உண்மைதான், எங்கள் பக்கம் முழுக்க அப்போது தர்பூசணிதான், வண்டிக்குப் பேய் கிராக்கி.

எழுதி முடித்ததும் அவனிடம் நேராகவே சொன்னேன். டேய் தம்பி, நீ கேட்பது விவசாயத்துக்கு வண்டி இல்லை, வண்டித் தொழில். ராத்திரி பத்து மணிக்கு ஊர் ஊராகச் சிப்பம் எடுத்து, விடியற்காலை இறக்கி, எட்டு மணிக்குத் திரும்பி வருகிறவன் பகலில் தூங்க வேண்டும். அப்பா வரப்பில் இறங்க முடியாது. அப்படியானால் நிலத்தை யார் பார்ப்பது?

அவன் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “பாதி நெல்லு நானே பாக்கல க்கா, ஆள் வச்சுத்தான் பாக்குறோம். ராத்திரி ஒருத்தனுக்காக ரோட்டுல உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது” என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே கட்டிலில் அப்பா விழித்திருந்தார், எல்லாம் கேட்டிருக்கும்.

நவம்பர் 3, திங்கள்

வெண்டைக்கு மாதம் பதினைந்து நடை. கத்தரிக்கு வாரம் இரண்டு. நெல்லுக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் இதையே எண்ணிக்கொண்டு குரோம்பேட்டையில் இறங்காமல் விட்டுவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

தையல் பிரித்த இடம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். வாக்கரை விட்டு ஊன்றுகோல்.

நவம்பர் 8, சனி

அப்பாவே பேச்சை எடுத்தார். புதுசு வேண்டாம், பழசு பாருங்கள், மூன்று வருடத்தில் கடன் முடிகிற மாதிரி இருக்க வேண்டும், முடிந்த பிறகு ஓட்டினாலும் சரி நிறுத்தினாலும் சரி என்று. தம்பி ஏற்கெனவே ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். 2019 மாடல் பொலேரோ பிக்கப், நாலரை லட்சம் சொல்கிறார்கள். ஒன்றரை லட்சம் நான் தருகிறேன், மூன்று லட்சம் லோன். பழைய வண்டிக்கு வட்டி பதினான்கு, மூன்று வருடத்துக்கு மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். 2020 ஏப்ரலுக்கு முந்திய பிஎஸ் 4 புகை விதி வண்டி என்பதால் ஊர் மெக்கானிக்கே கழற்றி மாட்டிவிடுவார், சென்சார் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். எஃப்சி 2027 ஜனவரி வரை இருக்கிறது, அதற்கப்புறம் வருடாவருடம்.

கார் லைசென்ஸில் இதை ஓட்டலாமா என்று பயந்துகொண்டிருந்தேன். 7,500 கிலோவுக்கு உட்பட்ட லோடு வண்டிக்கு அதுவே போதும் என்று போன வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், அதனால் அந்தக் கவலை இல்லை. பர்மிட் பார்க்க வேண்டும், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் கட்டாயம்.

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது, கூலிக்கு வருகிறவர்களாக இருந்தாலும் சரி, அவசரமாக இருந்தாலும் சரி, ஏதாவது ஆனால் காப்பீடும் வராது, சட்டமும் வராது. இன்னொன்று, வண்டி வந்த அன்றே பட்டறையில் விட்டுப் பின்பக்கம் இரண்டு இரும்புப் படி வைக்க வேண்டும், கைப்பிடியோடு. தம்பி சரி என்று தலையாட்டினான். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார்.

நாளை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம், மெக்கானிக்கை மதுராந்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, நகலில் இன்னும் ஃபைனான்ஸ் பேர் இருக்கிறது. கடன் அடைத்ததற்கு என்ஓசி வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். அது கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்க விடமாட்டேன், அவன் எவ்வளவு அவசரப்பட்டாலும்.