தசமி நாளின் வற்றுநீர்: உல்லாஸ் ஆற்றில் கயாக் மீன்பிடிப்பு

சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டி ஐந்தை நெருங்குகிறது. ஆகவே தூத்துக்குடியிலிருந்து வந்து மும்பையை அடுத்த தானே நகரில் குடியேறிய எனக்கும், என்னுடன் வரும் அண்ணாச்சிக்கும், மீனைத் தேடும் முன் இந்த நீரின் கணக்கைப் படிக்க வேண்டியிருந்தது.

தானே கழிமுகம் 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை என்பதே எங்கள் நிலைப்பாடு. எனவே உல்லாஸ் ஆறு மேற்கே திரும்பி வசாய் கழிமுகமாக விரியும் பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். கோட்பந்தர் சாலையில் காய்முக் அருகே கயாக்குகளை (ஒடுங்கிய துடுப்புப் படகுகளை) இறக்கினால், இடப்புறம் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டுச் சரிவும், வலப்புறம் அலையாத்திகளும் தொடர்ந்து வரும். தை மாத விடியலில் வெப்பம் 15 டிகிரி வரை இறங்குவதுண்டு; நனைந்த கையில் கிழக்குக் காற்று பட்டால் அதைவிடக் குளிரும் என்பதால், பருத்தி உடையைத் தவிர்த்து, உயிர்க்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டினோம்.

நாங்கள் தசமியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அமாவாசை ஏற்றத்தில் நீர் வேகமாகப் பாய்ந்து அடிச்சேற்றைக் கலக்கிவிடும். அட்டமி முதல் தசமி வரை ஓட்டம் தளர்ந்து, நீர் ஓரளவு தெளியும். அன்று மும்பைத் துறைமுகத்தின் அப்போலோ பந்தரில் காலை ஏழு மணியை ஒட்டி ஏற்றம் உச்சிக்கு வரும். ஆற்றின் உள்ளே அது இன்னும் தாமதமாகும். வற்றும் நீருடன் மேற்கே இறங்கி, பிற்பகலில் ஏறும் நீரும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றும் சேர்ந்து தள்ளத் திரும்பிவிடலாம். துடுப்பு வலிப்பவனுக்கு இதைவிட இதமான ஏற்பாடு வேறில்லை.

நீர் வற்றத் தொடங்கியதும் அலையாத்திக் காட்டுக்குள் இருந்த சிற்றோடைகள் வடியும். அவற்றோடு இறாலும் மடவைக் குஞ்சுகளும் வெளியேறும். ஓடையின் வாயில், கலங்கிய நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோட்டில், கொடுவாவும் செப்பிலியும் காத்திருக்கும். வற்றத்தின் ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் இறங்கிவிடுவதால், அந்தச் சமயத்தில் ஓடையின் வாயில் நிற்பதே பெரும்பாடு. நங்கூரக் கயிற்றைக் கயாக்கின் முனையிலோ பின்புறத்திலோ மட்டுமே கட்ட வேண்டும்; பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் படகைக் கவிழ்த்துவிடும்.

குளிர்ந்த நீரில் கொடுவா விரட்டி வேட்டையாடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் உயிருள்ள இறாலைச் சிறு ஈயக் குண்டுடன் விட்டு, தூண்டில் நரம்பைத் தளர்த்தி, இரை தானாகவே ஓட்டத்தோடு உருளும்படி செய்தோம். "அவசரப்படாதீங்க தம்பி, அது வாங்கிட்டுத் திரும்பட்டும்," என்று அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார். நரம்பு மெல்ல இழுபட்டு, பின் ஒரே வீச்சில் அலையாத்தி வேர்களை நோக்கி ஓடியது. வேருக்குள் நுழைந்தால் நரம்பு அறுந்துவிடும் என்பதால், துடுப்பை மடியில் போட்டுவிட்டு, மீனைப் பக்கவாட்டில் திருப்பி ஆழத்துக்குக் கொண்டுவந்தேன். நல்ல பருமனான கொடுவா. கொடுவா ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிறது. பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்களே. ஆகையால் அதை நீரிலேயே வைத்துத் தூண்டிலைக் கழற்றி விட்டுவிட்டோம். எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போர்த்துக்கீசியர் கட்டிய கோட்பந்தர் கோட்டைக்குக் கீழே, நீர் மீண்டும் ஏறும்வரை படகிலேயே காத்திருந்தோம். வற்றிய கரையில் இறங்கினால் இடுப்பளவு சேற்றில் புதைய நேரும். பின்பு மேல்காற்று எழுந்தது. திரும்பும் வழியில் அண்ணாச்சியின் தூண்டிலில் மாட்டிய செப்பிலி ஒன்று அன்றிரவு குழம்புக்குப் போதுமானதாக இருந்தது.