ரோஜாவுக்குப் பதில் தித்சா

"மகன்தான் சொன்னானா தம்பி, இந்தப் பூவே வேணும்னு?"

"ஆமாம் பெரியம்மா, அவர்தான் சொன்னார்."

இவ்வளவுதான் பேச்சு. இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பர்மாவின் மலையூரான மேமியோவில் என் பூக்கடையைத் திறந்து வாளிகளில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு வரிகளும் வந்துவிடுகின்றன.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் அம்மாவின் 70வது பிறந்தநாளுக்கு 24 சிவப்பு ரோஜாவுக்குப் பணம் கட்டியிருந்தார். வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் 3,500 அடி உயரத்தில் அமைத்த ஊர் இது. அந்தக் குளிர்தான் பூக்காரர்களான எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் விடாமல் மழை பிடித்தால் ரோஜா தாங்காது. அன்று காலை வந்த கட்டைப் பிரித்தேன். மொட்டின் வெளி இதழ்களில் பழுப்புப் புள்ளிகள். ஓர் இதழைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

மகனை வைபர் செயலியில் இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அங்கே மணி எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், வேலையில் இருந்திருப்பார். மண்டலே போகும் லாரிக்குச் சாமந்தி ஏற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது முறை நான் கூப்பிடவில்லை. அழுகல் பூவை ஒரு தாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது என்பதும் நிஜம்தான்.

ரோஜாவுக்குப் பதில் நல்ல தித்சாவாகப் பொறுக்கினேன். கிளாடியோலஸ் பூவுக்கு இங்கே அதுதான் பெயர். அடியில் இரண்டு பூ மட்டும் நிறம் காட்டும் தண்டாகப் பார்த்து எடுத்தால், கீழிருந்து மேலாக ஒரு வாரம் பூத்துக்கொண்டே போகும். படுக்கப் போட்டால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும் என்பதால் வாளியில் நிற்க வைத்தே குதிரை வண்டியில் கொண்டுபோனேன்.

பெரியம்மா வாங்கவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் அப்பா இருந்தவரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தப் பூதான். ஒரு கட்டு புத்தருக்கு, ஒரு கட்டு நம்ம முருகனுக்கு. அப்போ இவனுக்கு அஞ்சு வயசு. எப்படிப்பா ஞாபகம் வச்சிருக்கான்?" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

ரோஜா கெட்டுப்போச்சு, இது நானே எடுத்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு வாய் வரவில்லை. பர்மிய மொழியில் தித்சா என்றால் சத்தியம். தினமும் பத்து முறை சொல்கிற பெயர். அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் மகன் கூப்பிட்டார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "பணம் இருக்கட்டும் அண்ணே. அம்மா ஏன் போன் முழுக்க அப்பாவைப் பத்தியே பேசுறாங்க?" எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. வெகுநேரம் பேச்சில்லை. "எனக்கு அது ஞாபகமே இல்லையே" என்றார். அப்புறம், "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க."

இப்போது பூவைப் போட்டோ எடுத்து அனுப்பி, சரி என்று பதில் வந்தபிறகுதான் வண்டி ஏற்றுகிறேன். அதுதான் முறை, சந்தேகமில்லை. ஆனால் அன்றும் அப்படிச் செய்திருந்தால் அவர் வேறு ஏதாவது பூ சொல்லியிருப்பார். பெரியம்மாவுக்கு அந்தக் காலை கிடைத்திருக்காது. இப்படி நினைப்பது என் தப்பை நானே பூசி மெழுகுவதோ என்றும் தோன்றுகிறது. அந்த மகனின் இடத்தில் நின்று பார்த்தால் இன்னும் மோசம். இல்லாத ஞாபகத்துக்கு அம்மாவின் பாராட்டை வாங்கிக்கொள்ள வைத்துவிட்டேன்.

இந்த வருடம் அவரே எழுதியிருந்தார்: ரோஜா வேண்டாம், தித்சா. கொண்டுபோனேன். பெரியம்மா அதே வாசலில் அதையே கேட்டார். இந்த முறை அது உண்மை. "ஆமாம் பெரியம்மா" என்று தொடங்கினேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முருகன் படத்துக்குக் கீழே நிறுத்திக்கொண்டிருந்தார்.